துறைமுகத்து வகை

அந்த ஊர்க்காரர்களின் சளியில், ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்யும் அவள் வழக்கமாகப் பார்ப்பது ஒரே வகைக் காசநோய்க் கிருமியைத்தான். ஊரோடு ஊறிப்போனது, மருந்துக்கு அடங்குவது. அந்த வாரம் திரையில் வந்தது வேறு. தூரத்துத் துறைமுக நகரத்தில் மட்டும் திரிந்துகொண்டிருந்த வகை. முக்கியமான இரண்டு மருந்துக்கும் மசியாதது.

அது ஒரு தையல்காரரிடம் இருந்தது. ஒரு கல்லூரி மாணவியிடமும், ஒரு மளிகைக்கடைக்காரரிடமும் இருந்தது. வீடு வீடாகப் போய் விசாரித்த நர்ஸ் கையை விரித்தாள்.

"உறவும் இல்ல, ஒரே தெருவும் இல்ல. துறைமுகத்துக்கு அடிக்கடி போயிட்டு வருவாங்க, அவ்வளவுதான்."

"எதுல?"

"ஏசி பஸ்லதான்."

ஊரிலிருந்து அங்கே ஓடுவது ஒரே ஒரு ஏசி பஸ். அதை ஓட்டுவது அவள் அக்கா வீட்டுக்காரர்.

அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போனாள். மாமா கட்டிலில் சாய்ந்து இருமிக்கொண்டிருந்தார். சட்டைக் காலர் கழுத்தைவிட்டு விலகி நின்றது.

"என்னம்மா லேப்காரி, கையில டப்பா? பலகாரமா?"

"காலியா இருக்கு மாமா. நீங்கதான் துப்பித் தரணும்."

"ஏசி காத்து ஒத்துக்கல, அதுக்குப்போய்..." என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியிலேயே இருமலாக மாறியது. அக்கா பிள்ளைகளை வாசலுக்கு அனுப்பினாள்.

முடிவு அவள் பயந்தபடியே வந்தது. மாமாவை ஆஸ்பத்திரித் தனியறையில் சேர்த்தார்கள். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிய, அவர் கேட்டார்: "நான்தான் எல்லாருக்கும் குடுத்தேனா?"

"இல்ல மாமா. கிருமி பெருகும்போது அதோட மரபெழுத்துல அங்கங்க பிழை விழும். உங்க நாலு பேருக்கும் ஒரு பிழை பொதுவா இருக்கு. அதுக்கு மேல ஆளுக்கொண்ணு தனியா. உங்க தனிப்பிழை மத்த யார்கிட்டயும் இல்ல. நீங்க குடுத்திருந்தா அது அவங்ககிட்டயும் இருந்திருக்கும். நாலு பேரும் வேற ஒருத்தர்கிட்டதான் வாங்கியிருக்கீங்க."

மாமா பெருமூச்சு விட்டார். சற்று நேரத்தில் அவர் முகம் இறுகியது.

"விசில்," என்றார்.

"யாரு?"

"பேர் தெரியாது. குளிர்பதன மிஷின் ரிப்பேர் பண்றவர். எனக்குப் பின்னாடி சீட்டுதான் கேட்டு வாங்குவார். மூச்சு விட்டா நெஞ்சுல விசில் அடிக்கும். நல்ல மனுஷன்மா. எனக்குத் தூக்கம் வந்துடக் கூடாதுன்னு என்கூட பேசிக்கிட்டே வருவார்."

நர்ஸும் அவளும் தேடி அலைந்தார்கள். ஒரு பட்டறைக்குப் பின்னால் விசிலின் அறை கிடைத்தது. ஜன்னல் கிடையாது. கதவைத் திறந்தவள் இடுப்பில் குழந்தையோடு நின்றாள்.

"அவரு காலி பண்ணிட்டாரு. நாங்க வந்தே கொஞ்ச நாளாச்சு. வடக்க வேலை கிடைச்சிருக்காம்." பிறகு பயந்துபோய், "எதுக்குக் கேக்கறீங்க?" என்றாள்.

நர்ஸ் அவளை முதலில் வெளியே காற்றில் வந்து நிற்கச் சொன்னாள்.

மாமாவுக்கு மருந்து பிடித்தது, மெதுவாகத்தான். அந்த மருந்தால் காது கொஞ்சம் மந்தமாயிற்று. அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் இதுவரை ஒன்றுமில்லை. மறுபடி மறுபடி சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். பஸ்ஸை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். விசிலைப் பற்றியும் அந்தக் கிருமியின் பிழைகளைப் பற்றியும் வடக்கே எல்லா ஆஸ்பத்திரிக்கும் சொல்லியனுப்பினார்கள். பேரில்லாத ஆளை எவரும் கண்டுபிடிக்கவில்லை.

மழை தொடங்கியிருந்த ஒரு காலையில் வடக்கேயிருந்து ஒரு லேப் டாக்டர் போன் செய்தார்.

"நீங்க விவரம் அனுப்பின துறைமுகத்து வகை, அந்தப் பொதுப்பிழையோட இங்க வந்திருக்கு. கூட இன்னொரு பிழையும் இருக்கு. மூணாவது மருந்தும் கேக்கல."

"யாருக்கு? மிஷின் மெக்கானிக்கா?"

"மெக்கானிக் யாரும் இல்லையே. எல்லாம் பள்ளிக்கூட விடுதிப் பிள்ளைங்க."