கறுப்புக் கார்டு

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். மைசூரில் தசரா யானை வருவதற்கு முன்னால், மீனா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் விபத்து ஒத்திகை வந்துவிடும். ஹெப்பாள் பக்கம் கம்பெனி பஸ் கவிழ்ந்துவிட்டதாக வைத்துக்கொள்ள வேண்டும். ஊழியர்கள் இருபது பேர் குங்குமத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசிக்கொண்டு, கார் நிறுத்துமிடத்தில் படுத்துக் கிடப்பார்கள்.

ஆளுக்கொரு கார்டு கழுத்தில் தொங்கும். சிவப்பு என்றால் உடனே தூக்கு. மஞ்சள் காத்திருக்கட்டும், பச்சை நடந்து வரட்டும். கறுப்பு என்றால் செத்தாச்சு, தாண்டிப் போ. அந்தக் கறுப்புக்குத்தான் எல்லாரும் அடித்துக்கொள்வார்கள். கத்த வேண்டாம், நொண்ட வேண்டாம், காலை பதினொரு மணிக்குச் சம்பளத்தோடு தூக்கம். இந்த வருஷம் அந்த அதிர்ஷ்டம் வார்டு அட்டெண்டர் ஜடையனுக்கும் அடித்தது. கோபிநத்தத்துக்காரன், நாற்பதை நெருங்குகிறவன், இரண்டு பெண்களுக்குத் தகப்பன்.

பன்னிரண்டு நிமிஷத்தில் எல்லாரையும் பிரித்து உள்ளே அனுப்புவது சீனியர் நர்ஸ் மீனாவின் பொறுப்பு. போன வருஷம் இருபது நிமிஷம் பிடித்து மானம் போயிற்று. ஒத்திகைக்கு மார்க் போடும் டாக்டர் பராசரன் ஸ்டாப்வாட்சோடு நின்றார். மீனா பறந்தாள்.

தாண்டும்போது ஜடையன் அவள் கோட்டு நுனியைப் பிடித்தான்.

"அக்கா, நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குதுங்க."

"செத்தவன் பேசக்கூடாது ஜடையா." சிரித்துக்கொண்டே அவன் விரல்களை விடுவித்துவிட்டுப் போனாள்.

இரண்டாம் தடவை வந்தபோது அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். விட்டு விட்டு, கர்ரென்று இழுக்கும் குறட்டை. கொடுத்து வைத்தவன் என்று நினைத்துக்கொண்டு தாண்டினாள்.

மூன்றாம் தடவை குறட்டை இல்லை. சுற்றிலும் சிவப்புக் கார்டுகள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தன. அந்த மூலை மட்டும் சத்தமற்றுக் கிடந்தது. ஏனென்று தெரியாமலே மீனா நின்றாள். ஜடையனின் கண் திறந்திருந்தது. அதன்மேல் ஓர் எறும்பு நிதானமாக ஊர்ந்து போயிற்று. இமை அசையவில்லை.

கழுத்தைத் தொட்டாள். நாடி இல்லை. மண்டியிட்டு அவன் நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள்.

"ஷாக் மெஷின் கொண்டுவாங்க. இது நிஜம்."

ஒருவரும் நகரவில்லை. யாரோ போனில் படம் பிடித்தார்கள். சிஸ்டருக்கு நடிப்பு நன்றாக வருகிறது என்றது ஒரு குரல்.

"கறுப்புக்கு சிபிஆர் கிடையாது சிஸ்டர், மார்க் போயிடும்," என்றார் பராசரன்.

"டாக்டர், நிஜமாத்தான் சொல்றேன்."

"எல்லாரும் அப்படித்தானே சொல்றேள்."

அவரைக் குறை சொல்லி என்ன பயன்? 'இது நிஜம்' என்று கத்துவதும் ஒத்திகைக்காக எழுதிக் கொடுத்த வசனம்தான். அதற்குள் பத்துப் பேர் அதைக் கத்தியிருந்தார்கள். நிஜத்தைச் சொல்ல மீனாவிடம் வேறு வார்த்தை மிச்சமில்லை. கைகள் மட்டும் அழுத்திக்கொண்டே இருந்தன.

உயிரோடு நின்றவர்கள் அப்படியே நின்றார்கள். செத்தவர்கள்தான் எழுந்தார்கள்.

முதலில் கனகா. ஒரு முழம் தள்ளிக் கிடந்தவள், முகத்தில் குங்குமம் வழிய எழுந்து உட்கார்ந்தாள். "அவன் மூச்சு நின்னது எனக்குக் கேட்டுது சிஸ்டர். நானும் நடிக்கிறான்னு கிடந்துட்டேன்." சொல்லிக்கொண்டே எமர்ஜென்சியை நோக்கி ஓடினாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு கறுப்புக் கார்டு, மாதேவி, எழுந்து ஓடினாள். செத்தவர்கள் ஓடுவதைப் பார்த்த பிறகுதான் பராசரனின் முகம் மாறியது.

மெஷின் வந்தது. முதல் ஷாக்குக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதில் மீனாவின் விரலடியில் நாடி மெல்லத் துடித்தது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு பராசரனும் மற்றவர்களும் உள்ளே ஓடினார்கள்.

மீனா மண்டியிட்ட இடத்திலேயே இருந்தாள். கார் நிறுத்துமிடம் காலியாகிவிட்டது. கடைசிக் கம்பத்தடியில் ஒருத்தி மட்டும் கறுப்புக் கார்டோடு கிடந்தாள், புதிதாகச் சேர்ந்த சௌம்யா. கண்கள் மூடியிருந்தன. மீனா தவழ்ந்தே போனாள். விரல்களை அவள் கழுத்தில் வைத்தாள்.

"நடிக்கிறேன் அக்கா," என்றாள் சௌம்யா கண் திறக்காமல். "எழுந்திருன்னு யாருமே சொல்லலையே."

மீனா விரலை எடுக்கவில்லை.

"பேசு," என்றாள். "நிறுத்தாம பேசிக்கிட்டே இரு."