பள்ளம் வைத்த டம்ளர்

நாத்தனார் வாங்கி அனுப்பிய டம்ளரைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விளிம்பில் ஒரு பக்கம் யாரோ கடித்துத் தின்ற மாதிரி அரைவட்டமாக வெட்டியிருந்தது. பக்கவாதம் வந்தவர்கள் புரையேறாமல் குடிப்பதற்காம். "அண்ணனே குடிச்சுக்கும். நீங்க பாட்டுக்கு வேலைக்குப் போங்க அண்ணி."

குடித்தது சட்டைதான். சலவைக்கூடத்தில் ஊரார் துணியை வெளுக்கிறவள், லீவு போட்டுவிட்டு ஒரே மனுஷனின் சட்டைகளை அலசிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை போகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். போவதென்றால், அவர் தனியாக ஒரு வாய் தண்ணீராவது குடித்தாக வேண்டும்.

"இந்தாங்க, பிடிங்க."

இடது கையால் வாங்கி வாய்க்குக் கொண்டுபோனார். பள்ளம் மூக்குப் பக்கம் இருந்தது.

"திருப்பிப் பிடிங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது? வாய் வைக்கத்தானே வெட்டி வச்சிருக்கான்." அவளே திருப்பிவிட்டாள்.

"இல்ல," என்றார்.

நோய் அவருக்கு விட்டுவைத்த ஒரே சொல் அது. பசிக்கிறதா என்றாலும் இல்ல, தூக்கமா என்றாலும் இல்ல, தங்கை போனில் அழுதாலும் இல்ல. அதற்கு அர்த்தம் தேடுவதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள்.

"இல்ல. இல்ல."

"இருக்கு, குடிங்க."

பள்ளத்தின் இரண்டு ஓரமும் வழிந்தது.

"நான் வேலைக்குப் போகக் கூடாதுன்னே பண்றீங்க. அதானே?"

"இல்ல."

வேறு சட்டை மாட்டிவிட்டு, ஜாடியிலிருந்து மறுபடி ஊற்றிக் கையில் திணித்தபோது போன் அடித்தது. மேற்பார்வையாளர்.

"அக்கா, திங்கட்கிழமை வர்றீங்களா, மாட்டீங்களா? மேல இருக்கவங்க என் உயிரை வாங்குறாங்க."

போனைக் காதில் வைத்தபடி அவர் பக்கம் திரும்பினாள். அவர் டம்ளரைத் தொடையில் ஊன்றி, கட்டைவிரலால் மெல்லச் சுற்றினார். பிறகு தூக்கினார். பள்ளத்துக்குள் மூக்கு போய் உட்கார்ந்தது. தலை பின்னால் சாயவே இல்லை. தொண்டை மட்டும் ஏறி இறங்கியது. சட்டையில் ஒரு சொட்டு இல்லை.

அவளுக்கு முகம் சுட்டது. இத்தனை நாளும் சரியாகத்தான் பிடித்திருக்கிறார். திருப்பித் திருப்பி நனைத்தவள் அவள்.

"அக்கா, லைன்ல இருக்கீங்களா?"

"வர்றேன்," என்று போனை வைத்தாள்.

"மூக்குக்கா அது? சொல்லியிருக்கலாம்ல?"

கேட்ட பிறகுதான், என்ன கேட்டோம் என்று உறைத்தது. அவர் அவளையே பார்த்தார். வெறுங்காலோடு வெயிலில் நிற்க வைக்கப்பட்டவரின் பார்வை.

"இன்னும் வேணுமா?"

"இல்ல."

ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு, இது எந்த 'இல்ல' என்று அவர் முகத்தில் தேடியபடி நின்றாள். பொறுத்துப் பார்த்தவர், சலித்துப்போய் டம்ளரை ஜாடியில் இடித்தார்.