இருபதாம் நாள் எண்ணிக்கை

காலை பதினொரு மணிக்கு வேலூர் லைனில் விளக்கு எரிந்தது. சித்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் போர்டின் முன் ஒருக்களித்து உட்கார்ந்திருந்த ஆபரேட்டர் கிரேஸ் உடனே எடுக்கவில்லை. அண்ணன் ஜெபதாஸுக்காக அவளுடைய இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து இன்றோடு இருபது நாள். ஊசி இறங்கிய இடம் இன்னும் வலித்தது. அந்த வலியைவிட, தினமும் அண்ணி எலிசபெத் வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லும் வெள்ளணு எண்ணிக்கை அவளை அதிகம் களைப்பாக்கியது. நூறு. பத்து நாளாக அதே நூறு. மஜ்ஜை பிடித்துக்கொண்டால் வெள்ளணு ஏறும், இருபத்தோரு நாளில் ஏறாவிட்டால் கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தன் உடம்பில் ஒழுங்காக இருந்தது அண்ணனிடம் போய் ஏன் அடம் பிடிக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

அப்பா கிருபானந்தத்துக்கு இதயம் பலவீனம். அதனால் எலிசபெத் முதலில் கிரேஸிடம் உண்மையைச் சொல்லுவாள். பிறகு பாஸ்டர் வீட்டு போனருகே காத்திருக்கும் மாமனாரிடம் ஆயிரம், ஆயிரத்து நூறு என்று நாளுக்கு நாள் ஏற்றிச் சொல்லுவாள். இணைப்புக் கொடுத்துவிட்டுக் கிரேஸ் கேட்டுக்கொண்டிருப்பாள். சாயங்காலம் வீட்டில் அதே பொய்யைத் தானும் சொல்லுவாள்.

அவள் இணைப்பு வயரை எடுத்து வேலூர் லைனில் செருகினாள்.

"கிரேஸ்! முந்நூறு! ரெண்டு தரம் எண்ணிப் பாத்தாங்களாம். ஏறிக்கினு இருக்குதாம்!"

"நைனாவுக்குக் குடுக்கறேன் அண்ணி" என்று மட்டும் சொல்லி, பாஸ்டர் வீட்டு போனுக்கு இணைத்தாள் கிரேஸ்.

"மாமா, இன்னிக்கு ரெண்டாயிரம்" என்றாள் எலிசபெத். குரல் உடைந்து சிரிப்பும் அழுகையுமாக வந்தது.

மறுமுனையில் கிழவர் கேட்டார்.

"ஏம்மா, இத்தினி நாளு ஆயிரம் ஆயிரம்னு சொன்னியே, அப்பல்லாம் உன் கொரலு செத்துக் கெடந்துச்சு. இன்னிக்குத்தான் உசுரு வந்துக்கீது. நெஜமா எவ்ளோ?"

"மாமா..." என்று இழுத்தாள் எலிசபெத்.

"கிரேஸு, நீயும் கேட்டுக்கினுதானே கீற? நீயாவது சொல்லும்மா."

"முந்நூறு, நைனா."

"முந்நூறா" என்றார் அவர், மெதுவாக. "நேத்து?"

ஒரு டிரங்க் காலுக்கு உரிய மூன்று நிமிடம் முடிந்திருந்தது. போர்டில் திருப்பதி விளக்கு எரிந்தது, பிறகு புத்தூர். அவற்றை எடுக்கக் கிரேஸின் கை எழவில்லை. ஹெட்போனில் இரண்டு பேர் மூச்சுவிடுவது கேட்டுக்கொண்டிருந்தது.