பதினேழாம் குரல்

சுஹ்தி பாஷாவின் வீட்டுக்குப் பாடகர்கள் வந்து பாடியிருக்கிறார்கள். அந்த வீட்டிலிருந்து யாரும் பாடப் போனதில்லை. கெய்ரோவில் ஹில்மிய்யா பகுதிக்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும். பாஷாவின் பேரன், ஓய்வுபெற்ற நீதிபதி இஸ்மத், எண்பத்தோரு வயதிலும் முதுகு வளையாமல் நின்று இதைத்தான் சொல்லிவந்தார். குடும்பத்தில் மிச்சம் இருந்தவரும் அவர் ஒருவர்தான்.

அவருடைய தந்தை சேர்த்துவைத்த அறுநூற்று நாற்பது இசைத்தட்டுகளை இசை நூலகம் ஒன்றுக்குக் கொடுப்பதாக முடிவாயிற்று. தனி அறை ஒதுக்கி, வாசலில் சுஹ்தி பாஷா குடும்பத்தின் பெயரைப் பொறிப்பார்கள். நூலகம் கேட்டது ஒன்றுதான். ஒவ்வொரு தட்டும் அவர்களுடைய மென்பொருளில் பதிவாக வேண்டும். ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது.

அந்த வேலைக்கு வந்தவள் சுஹைர். பட்டியல் போடுவதில் இருபது வருடம் பழகியவள். அவளுடைய மடிக்கணினியில் இருந்த மென்பொருள் தட்டைக் கேட்டு, அதில் உள்ள குரல்களைத் தனித்தனியே பிரித்து எண் கொடுக்கும். பாடுகிறவர், தட்டின் தொடக்கத்தில் கம்பெனி பெயரைக் கூவுகிறவர், நடுவில் பாராட்டிக் குரல் கொடுக்கும் வாத்தியக்காரர் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் எண். ஒருமுறை பெயர் சொல்லிவிட்டால் அடுத்த தட்டில் தானே அடையாளம் கண்டுகொள்ளும்.

முதல் நாளே அவளுக்கும், தாத்தாவின் பட்டத்தால் 'பாஷா' என்றே எல்லோரும் அழைத்த இஸ்மத்துக்கும் சச்சரவு வந்தது.

"பாஷா, இந்தச் சின்ன மெஷின்ல ஓட்டினா சத்தம் நேரா கம்பி வழியா உள்ள போயிடும். சுத்தமா இருக்கும்."

"எங்க அப்பாவோட தட்டுல கண்ட ஊசியும் படக் கூடாது. அவரோட கிராமபோன் இருக்கு, அவர் ஓட்டின ரூம் இருக்கு. அங்கதான் ஓடணும்."

"அது பித்தளைக் குழல். எதிர்ல மைக் வச்சா, ரூம்ல ஈ பறந்தாக்கூட பதிவாயிடுமே?"

"எங்க வீட்டுல ஈ கிடையாது, உஸ்தாஸா," என்றார் இஸ்மத், படித்த பெண்ணுக்குரிய மரியாதைச் சொல்லை விடாமல்.

காபி கொண்டுவந்த சமையல்காரர் இத்ரீஸ் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "நாப்பது வருஷமா துண்டை எடுத்து விரட்டுறவன் நான். பேர் மட்டும் வீட்டுக்கு."

மாடியின் கோடியில் இருந்த அந்த அறையில் மைக் நடப்பட்டது. அதன் ஜன்னல்கள் உள்முற்றத்தைப் பார்த்தவை. தெருவைப் பார்த்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். ஏன் என்று சுஹைர் கேட்கவில்லை. பழைய வீடுகளில் எதையும் கேட்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

நான்காம் நாள் அவள் மடிக்கணினியோடு மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"பாஷா, பதினேழுன்னு ஒரு குரல் வருது. பொம்பளைக் குரல். ஒவ்வொரு தட்டு முடிஞ்சதும் மெதுவா 'அல்லாஹ்'னு சொல்லுது."

"கேட்டவங்க சொல்லியிருப்பாங்க. சொல்லாம இருந்தாத்தான் தப்பு."

அது உண்மைதான். பாடகர் ஓர் அடியை அழகாக முடித்து நிறுத்தும்போது கேட்பவர் வாயிலிருந்து 'அல்லாஹ்!' என்று வராவிட்டால் அது கன்னத்தில் அறைந்த மாதிரி. பாடகர் அதே அடியைத் திரும்பப் பாடுவார், வரும்வரை பாடுவார். ஆனால் அது மார்பிலிருந்து எழும் குரல். சுஹைர் போட்டுக் காட்டியது வேறு மாதிரி இருந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு, விரலிடுக்கில் தப்பவிட்ட மூச்சுபோல.

"இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டுல வந்த தட்டு. இது முப்பத்தொண்ணு. இருபத்து மூணு வருஷத்துல அந்தக் குரலுக்கு ஒரு நாள்கூட வயசாகலை. இன்னும் கேளுங்க. நீங்க திட்டினாலும் பரவாயில்லைன்னு ஒரே ஒரு தட்டை என் மெஷின்ல கம்பி வழியா ஓட்டினேன்."

"அதுல?"

"அதுல அந்தக் குரல் இல்லை. அது தட்டுக்குள்ள இல்லை, பாஷா. ரூம்ல இருக்கு."

இஸ்மத் கோபப்படவில்லை. கைத்தடியின் பிடியை மட்டும் இறுக்கிக்கொண்டார்.

"அழிச்சுடு."

"மூணு தடவை அழிச்சேன். அடுத்த தட்டு முடிஞ்சதும் வந்து நிக்குது. பேர் போடாம பட்டியலை முடிக்க விடமாட்டேங்குது."

"பேர் தெரியாதவள்னு போடு."

சுஹைர் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். "போடலாம். நூலகத்துல அச்சாகிச் சுவத்துல தொங்கும். 'சுஹ்தி பாஷா வீட்டு மாடி அறையில் ஒரு பெண், பெயர் தெரியவில்லை.' அப்படியே போட்டுடவா?"

அவரிடம் அப்படிப் பேசிவிட்டு அந்த அறையை விட்டு முழுசாக வெளியே போனவர்கள் குறைவு. அன்று அவர்தான் எழுந்து வெளியே போனார்.

பெயர் அவருக்குத் தெரியும். குல்பரி ஹானம், அவருடைய அத்தை. 1926இல், இருபத்தொரு வயதில், வேறு பெயர் வைத்துக்கொண்டு ஒரே ஒரு தட்டில் பாடிவிட்டாள். அவளுடைய தந்தை சுஹ்தி பாஷா கடை கடையாக ஆள் அனுப்பி எல்லாப் பிரதிகளையும் வாங்கி உடைத்தார். அதே வாரம் அவள் காய்ச்சலில் இறந்ததாக ஊருக்குச் சொன்னார்கள். குடும்பக் கபரிடத்தில் அந்த வருடம் பொறித்த சலவைக்கல் எழுந்தது. அப்போது கல்லுக்குக் கீழே யாரும் இல்லை. மாடி அறையில் அவள் இன்னும் பதினெட்டு வருடம் அடைபட்டு இருந்தாள். தட்டுகளையெல்லாம் இஸ்மத்தின் தந்தை அந்தத் தங்கைக்காகத்தான் வாங்கினார். கேட்கலாம், வாய் திறக்கக் கூடாது என்பது பாஷாவின் உத்தரவு.

குடும்பம் செய்ததைக் குடும்பம் மூடிவைத்தது. அதுதான் மானம் என்று இஸ்மத் நினைத்திருந்தார். பெயரை எழுதினால் பிறந்த வருடமும் இறந்த வருடமும் எழுத வேண்டும். முப்பத்தொன்றில் வந்த தட்டிலும் அவள் குரல் இருப்பதால் கல்லில் உள்ள வருடத்தை எழுத முடியாது; கல் பொய் என்று ஹில்மிய்யா முழுக்கத் தெரிந்துவிடும். எழுதாவிட்டால் பட்டியல் இல்லை. நூலகத்தின் வாசலில் பெயரும் இல்லை.

மறுநாள் பிற்பகல், தொழுகை முடித்துவிட்டு, அவர் மாடி ஏறினார். ஒரு பக்கம் மட்டுமே பாட்டு உள்ள பழைய தட்டு ஒன்றை எடுத்தார். அதன் மறுபக்கம் வழவழவென்று வெறுமையாக இருந்தது.

"இதை ஓட்டு. இதுல ஒண்ணும் இல்லை. உன் மெஷின் பொய் சொல்லுதுன்னு நான் காட்டுறேன்."

ஊசி வெறும் பரப்பில் உரசியது. அறையில் இரைச்சல் மட்டும் கேட்டது. திரையில் பதினேழாம் எண்ணுக்கு எதிரே ஒரு கோடு அசைந்தது. அசைந்தது உயர்ந்தது, உயர்ந்தது இறங்கவில்லை.

சுஹைர் நாற்காலியைத் திரையிலிருந்து பின்னுக்குத் தள்ளினாள். மைக்கில் விழுவதை அப்படியே கேட்கும் காதுக்கருவியை அவரிடம் நீட்டினாள். "நான் கேக்க மாட்டேன், பாஷா. நீங்களே கேளுங்க."

அவர் மாட்டிக்கொண்டார்.

அவள் பாடிக்கொண்டிருந்தாள். மெல்லிய, கலங்காத குரல். ஓர் அடியை எடுத்து, படிப்படியாக மேலே ஏற்றி, அங்கேயே சுழற்றி, பூனை இறங்குவதுபோல் இறக்கி நிறுத்தினாள். பிறகு காத்திருந்தாள்.

ஊசி உரசும் சத்தம் மட்டும்.

அதே அடியை மீண்டும் பாடினாள். நிறுத்தினாள். காத்திருந்தாள். மூன்றாம் முறை பாடும்போது குரல் அவருடைய காதுக்கு இன்னும் அருகே வந்திருந்தது. அந்த அடிக்கு அப்பால் அவள் போகவில்லை. போக முடியாது. எத்தனை வருடமாக அதே அடியில் நிற்கிறாளோ.

நான்காம் முறை அவள் நிறுத்தினாள்.

"அல்லாஹ்!" என்றார் இஸ்மத். நீதிமன்றக் கூடத்தில் தீர்ப்பு வாசித்த குரலில், வீடு முழுக்கக் கேட்கும்படி. "அல்லாஹ், குல்பரி ஹானம்!"

அவள் அடுத்த அடிக்குப் போனாள்.

தட்டு சுற்றி முடிந்து நின்றபோது அவர் காதுக்கருவியைக் கழற்றினார். முகம் ஈரமாக இருந்தது. அதைத் துடைத்துக்கொள்ள அவர் சிரமப்படவில்லை.

"எழுது. சுஹ்தி பாஷாவின் மகள் குல்பரி ஹானம், பாடகி. எங்க வீட்டுப் பொண்ணு உன் பட்டியல்ல பேரில்லாம நிக்கக் கூடாது."

"பிறந்த வருஷம்?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அஞ்சு."

"இறந்த வருஷம்?"

அவர் வாயைத் திறந்தார். அந்த வார்த்தை வரவில்லை. எண்பது வருடம் அடைத்து வைத்ததால் துருப்பிடித்துப் போயிருந்தது.

கதவருகே காபித் தட்டோடு நின்ற இத்ரீஸ்தான் சொன்னார். "நாப்பத்து நாலும்மா. ஷஃபான் மாசம். என் அப்பாதான் அவங்களுக்குக் கடைசியாச் சாப்பாடு கொண்டுபோனாரு."

"உனக்குத் தெரியுமா?" என்றார் இஸ்மத்.

"சமையக்கட்டுக்குத் தெரியாதது உண்டா, பாஷா? நீங்க சொல்லலையேன்னு நாங்களும் சொல்லலை."

"நாற்பத்து நாலு," என்றார் இஸ்மத், முதுகை நிமிர்த்திக்கொண்டு. "எழுது. கல்லையும் மாத்தணும். நாளைக்குக் கல்தச்சனை வரச்சொல்லு, இத்ரீஸ்."

சுஹைர் எழுதினாள். எழுதி முடித்தபிறகும் அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கிராமபோன் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. அறையில் மூவரும் பேசாமல் இருந்தார்கள். மைக் மட்டும் இன்னும் அணைக்கப்படவில்லை. குல்பரி ஹானம் என்ற பெயருக்கு எதிரே அந்தக் கோடு நீளமாக எழுந்து, நீளமாக இறங்கியது, வெகுநேரம் பாடியவர்கள் மூச்சு வாங்குவதுபோல.