பிறக்காத சிப்புக்கு ஓர் இடம்

"ப்ராசஸர் சுமார், மதர்போர்டு மட்டும் உசத்தியா? கிறுக்கா உனக்கு?" என்று அன்று கம்ப்யூட்டர் கடையிலேயே எரிந்து விழுந்தார் கணவர்.

"நல்ல ப்ராசஸர் பின்னாடி வரும்ங்க, இதே போர்டுல மாத்திக்கலாம்," என்றாள், வீட்டிலேயே வீடியோ எடிட் செய்து சம்பாதிக்கும் மனைவி.

சில வருஷம் கழித்து, அப்போதுதான் வெளியான ப்ராசஸர் ஒன்றை வாங்கி வந்தாள். போர்டின் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டுப் பழையதைக் கழற்றினாள். புதியது அழுத்தாமலே பாந்தமாக உட்கார்ந்தது. திரையில் அதன் பெயர் வந்ததும் அவர் போர்டின் மேல் குனிந்தார்.

"போர்டு வாங்கினப்போ இது உலகத்துலயே இல்லையேடி! எப்படி இடம் போட்டு வெச்சாங்க?"

போர்டில் இன்னொரு இடமும் காலியாக இருந்தது. தொடப்போன விரலை இழுத்துக்கொண்டு, தூங்கும் குழந்தையின் பக்கத்தில் பேசுவதுபோல் கேட்டார்: "அப்போ இது யாருக்கு?"

"அது இன்னும் பிறக்கலைங்க."