ஏழாவது பூச்சு

என் கணவர் தாவூது இறந்த பதினெட்டாம் நாள், புளி மண்டியின் கூரையை என்ன செய்வது என்று என்னைக் கேட்டார்கள்.

மண்டி எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் இருக்கிறது. என் மாமனார் கடத்தூருக்கு வந்த புதிதில் கட்டியது. தேக்கு உத்தரங்கள், மேலே குறுக்குச் சட்டங்கள், அதன்மேல் செங்கல், சுண்ணாம்புத் தளம். தாவூது உயிரோடு இருக்கும்போதே அதை என் பெயருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் நான், கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவில் இருந்தேன். நான்கு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு இறங்கக் கூடாது, அந்நிய ஆண்களின் கண்ணில் படக் கூடாது. கணவனின் தம்பியும் அந்தக் கணக்கில்தான் வருவான். அதனால் கவுஸ் பாஷா கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, நடுவில் தொங்கிய பச்சைத் திரையிடம் பேசினான்.

"மழைக்கு ரெண்டு எடத்துல ஒழுகுது பாபி. மண்டி உங்களுது. நீங்க சொல்லாம நான் ஒரு செங்கல்லக்கூடத் தொடமாட்டேன்."

தர்மபுரியிலிருந்து தீர்த்தகிரி என்ற ஓய்வுபெற்ற ஓவர்சீயரை அழைத்து வந்து காட்டியிருந்தான். அவர் எழுதிக் கொடுத்த தாள் திரைக்கு அடியில் என்னிடம் வந்தது. மூன்று வழி எழுதியிருந்தார். பழைய பூச்சுகளை எல்லாம் கொத்தி எடுத்துவிட்டு, ஒழுகும் இடத்தைச் சரிசெய்து, ஒரே பூச்சாகப் பூசலாம். அல்லது செங்கல் வரை பிரித்து, கெட்ட உத்தரங்களை மாற்றி, பழையபடியே கட்டலாம். அதுவும் இல்லையென்றால் மொத்தமாக இறக்கிவிட்டு கான்கிரீட் போட்டுவிடலாம். கடைசியில் பென்சிலால் ஒரு வரி: உத்தரத்தின் முனைகள் சுவருக்குள் இருக்கின்றன, திறந்து பார்த்தால்தான் தெரியும்.

அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். பன்னிரண்டு வருடம் என் பக்கத்தில் படுத்துத் தூங்கிய மனிதருக்கு நெஞ்சில் வலி இருந்தது எனக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"அண்ணன் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா பங்குனியில ஒரு பூச்சு போடுவாரே, அப்படியே மேல போட்டுரலாமா?" என்றான் கவுஸ் பாஷா. "பழசக் கொத்துனா தூசி எல்லாம் புளியில வுழும். மண்ணு இருக்குதுன்னு சேலத்துக்காரன் ஒரு மூட்டை எடுக்க மாட்டான். மண்டியக் காலி பண்ணணும், பொம்பளைங்கள நிறுத்தணும். சீசன் போயிரும்."

உண்மைதான். பங்குனியில்தான் மழைக்கு முன்னால் கூரையைப் பார்க்க வேண்டும். பங்குனியில்தான் மண்டி நிறையப் புளி இருக்கும். அதனால் எங்கள் கூரையில் எதையும் யாரும் எடுத்ததில்லை. போட்டுக்கொண்டே வந்தார்கள். மாமனார் போட்டதன் மேல் தாவூது ஆறு தடவை போட்டிருந்தார். "ஒரு முழம் கனம் ஆயிடுச்சு, இனி யானை நடக்கலாம்" என்று சாப்பிடும்போது சொல்வார். கனம் கூடக் கூடக் கூரைக்குப் பலம் கூடுகிறது என்று நினைத்தோம். எல்லோரும்தான் நினைத்தோம்.

நான் யோசிப்பதாகச் சொல்லியிருக்கலாம். ஓவர்சீயரை இன்னொரு முறை வரச் சொல்லியிருக்கலாம். அவசரக் காரியத்துக்குப் பகலில் நானே போய்ப் பார்க்கவும் மார்க்கத்தில் இடமுண்டு. பள்ளிவாசல் இமாமின் மனைவியே துக்கம் கேட்க வந்தபோது அதைச் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். இத்தா என்னைப் பூட்டி வைத்திருக்கிறது என்று வந்தவர்கள் எல்லோரும் இரக்கப்பட்டார்கள். அதற்குள் நான் ஒளிந்துகொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது. அவர் நின்ற இடத்தைப் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பிரிக்கச் சொல்லவும் மனம் வரவில்லை. அவர் கை பட்டதை, ஒரு மாதம்கூட ஆகாமல், கடப்பாறை போட்டு எப்படிப் பெயர்க்கச் சொல்வது?

"அவர் செஞ்ச மாதிரியே செய்யுங்க" என்றேன்.

சொன்னதும் அழுகை வந்தது. அது துக்கம் என்று அன்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அதில் ஒரு நிம்மதியும் இருந்தது.

கொத்தனார் மாயவன்தான் வேலையை எடுத்துக்கொண்டான். ஆறு பூச்சும் அவன் போட்டதுதான். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் கலந்த சுண்ணாம்பு வாடை பின்தெருவைத் தாண்டி எங்கள் முற்றத்துக்கு வந்தது. மரக்கட்டையால் தளத்தைத் தட்டும் சத்தம் ஐந்து நாள் கேட்டது. தட்டு ஒவ்வொன்றும் வீட்டுச் சுவர் வழியாக என் முதுகுக்கு வந்து சேர்ந்தது. ஆறாம் நாள் சத்தம் நின்றது. தளத்தைச் சுற்றிக் களிமண் வரப்பு கட்டி, தண்ணீர் தேக்கி இறுக விட்டிருக்கிறார்கள் என்று கவுஸ் பாஷா திரையிடம் சொன்னான். "கொளம் மாதிரி இருக்குது பாபி. பத்து நாள் நிக்கணும்."

அடுத்த நாள் மத்தியானம் பெரியம்மாள் வந்தாள். மண்டியில் புளி தட்டி, ஓடும் கொட்டையும் நீக்கும் ஒன்பது பெண்களுக்கு அவள்தான் தலைவி மாதிரி. இண்டூர்ப் பக்கத்துக்காரி, என் பிறந்த ஊர். முந்தானையில் முடிந்து கொண்டுவந்ததை என் முன்னால் அவிழ்த்தாள். புளியின் மேல் மாவு போல மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது.

"சுண்ணாம்பா?"

"சுண்ணாம்பு வெள்ளையா இருக்கும் பாயம்மா. இது மரம். மொகட்டுல இருந்து கொட்டுது. அங்க ராஜாமணி தலையெல்லாம் இதுதான், பூசுமஞ்சள் போட்ட மாதிரி. கல்யாணப் பொண்ணுன்னு கேலி பண்ணிட்டு இருக்கறாளுங்க."

"கவுஸ் கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லாம இருப்பமா? சின்ன பாயி, 'ஒழுகலதான? அப்பறம் என்ன?'ன்னாரு. வுழுந்தா எங்களையும் புளியோட சேத்து மூட்ட கட்டிருவாரு போல."

அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓட்டை அடைபட்டது, அதனால் கூரை சரியாகிவிட்டது என்று நானும் என்னிடம் சொல்லிக்கொண்டேன். அந்தப் புளியைத் தூக்கிப் போடாமல் ஒரு கிண்ணத்தில் போட்டு மூடி வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை. இரண்டு நாள் அந்தக் கிண்ணத்தைப் பார்க்காமலே அந்தப் பக்கம் நடந்தேன்.

மூன்றாம் நாள் மேற்கே மேகம் கட்டியது. காற்று சுத்தமாக இல்லை. மூன்று மணி இருக்கும், பெரியம்மாள் மறுபடியும் வந்து வாசலிலேயே நின்றாள்.

"பாயம்மா, மண்டிக் கதவு நேத்துல இருந்து நவுரல. பாதி தொறந்தது, அப்படியே நிக்குது. சாத்தவும் முடியல, தொறக்கவும் முடியல. நாலு பேரு தள்ளிப் பாத்துட்டோம்."

"மழைக்காத்துல மரம் ஊதியிருக்கும்" என்றாள் என் நாத்தனார் ஜான் பீ, தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே.

"இன்னும் ஒரு பொட்டு மழ வுழுலீங்களே."

பங்குனி வெயிலில் காய்ந்து கிடந்த கதவு எதற்காக ஊத வேண்டும்? கதவுக்கு மேலே என்ன இருக்கிறது என்று கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். நிலை. நிலைக்கு மேல் சுவர். சுவருக்குள் நடு உத்தரத்தின் முனை. அது இறங்கினால் நிலையைத்தான் அமுக்கும். தாளில் பென்சிலால் எழுதிய வரி, படிக்காமலே கண்ணுக்குள் வந்தது.

ஆணியிலிருந்து புர்காவை எடுத்தேன்.

"ஹமீதா! அம்பது நாளு ஆகல இன்னும்" என்றாள் ஜான் பீ.

"தெரியும் ஆபா."

"ஊரு என்னா சொல்லும்?"

படி இறங்கினேன். தெரு வெளிச்சம் கண்ணைக் குத்தியது. கதவின் இடுக்கு வழியாக ஒருக்களித்து மண்டிக்குள் நுழைந்தேன். புளிப்பு வாடை, அவருடைய சட்டை வாடை. சத்தம் எதுவும் இல்லை, பெண்கள் கொட்டை உடைக்கும் டக் டக் தவிர. நடு உத்தரம் நடுவில் தொங்கவில்லை; அதற்குத்தான் நான் பயந்திருந்தேன். அது நேராக இருந்தது. சுவரில் நுழையும் இடத்தில் மட்டும் ஒரு விரல் அளவு இறங்கி, சுவரில் புதிதாக ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது.

"எல்லாரும் வெளிய வாங்க."

"இந்தக் கூடைய முடிச்சிட்டு வந்தர்றோம் பாயம்மா" என்றாள் ராஜாமணி. "எடைக்குத்தான கூலி? பாதியில போட்டா அப்பறம் யாருது எதுன்னு சண்டை வரும்."

வாசல் பக்கம் போக இருந்த நான், திரும்பிப் போய் அந்த உத்தரத்துக்கு நேர் கீழே தரையில் உட்கார்ந்தேன்.

"நீங்க எல்லாம் போன பெறகுதான் நான் எந்திரிப்பேன்."

ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். புருஷன் போன துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். பெரியம்மாள்தான் முதலில் கூடையை இடுப்பில் வைத்தாள். "எந்திரிங்கடி. அவங்க உசுரு என்ன, வெல கம்மியா?" ஒவ்வொருத்தியாக இடுக்கு வழியே போனார்கள். கடைசியாக நான். எண்ணினேன், பெரியம்மாளோடு ஒன்பது பேர். மறுபடியும் எண்ணினேன், ஒன்பது. என் உடம்பெல்லாம் லேசானது போல இருந்தது. கவுஸ் பாஷா சந்தைக்குப் போயிருந்தான். உள்ளே மூட்டைகளைத் தவிர யாரும் இல்லை.

அப்போது மேலே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

மாயவன். வெயிலில் வற்றியதற்கு ஈடாகக் கூரை மேல் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தான். கீழே இருப்பவர்களையே நினைத்துக்கொண்டு வந்த எனக்கு, என் வார்த்தைக்காக மேலே நிற்கிறவன் ஞாபகத்துக்கே வரவில்லை.

"மாயவா!"

என் குரல் தெருவில் இப்படிக் கேட்டதே இல்லை. அவன் தூரத்து மூலைக் கைப்பிடிச் சுவரில் தலையை நீட்டினான்.

"என்னாங்கம்மா, நீங்களா? இதா வந்துட்டேனுங்க." ஏணி எங்கள் பக்கம் இருந்தது. அவன் நேராக நடுவில் வரத் தண்ணீரில் காலை வைத்தான்.

"நடுவுல வராதய்யா! செவுத்து மேலயே வா!"

சிரித்தான். ஆனாலும் நான் சொன்னபடி சுவர் மேல் ஏறினான். கையை விரித்து, அடி அடியாக, ஓரமாகவே வந்தான். பாதித் தூரம் வந்திருப்பான். பெரியம்மாள் என் கையைப் பிடித்திருந்தாள். இன்னும் பதினைந்து அடி. பத்து அடி.

நின்றான்.

"அட, கரண்டிய வுட்டுட்டனே" என்றான். "எங்கப்பன் கரண்டிங்க அது. தண்ணிக்குள்ள கெடந்தா துரு புடிச்சிரும். ஒரு நிமிசம்."

"வேண்டாம்! வந்துரு!"

அவன் கேட்டானா என்று தெரியவில்லை. சுவரிலிருந்து கூரைக்குள் இறங்கிவிட்டான். தண்ணீரில் கால் அளையும் சத்தம் நடுப்பக்கமாகப் போனது. அவர் செஞ்ச மாதிரியே செய்யுங்க என்று என் காதுக்குள் யாரோ சொன்னார்கள். என் குரல்தான்.

எங்கள் முன்னால், நேற்றிலிருந்து நான்கு பேர் தள்ளியும் அசையாத கதவு, யாரும் தொடாமல், காற்றும் இல்லாமல், நிலையை அமுக்கியிருந்த உத்தரம் பிடியை விட்டது போல, மெதுவாகத் தானே திறந்துகொண்டது.