பத்து நிமிடம்

கிரேக்க நாட்டுக்குப் போகும் ஒரு சுற்றுலாக் கூட்டத்தின் பயணத் திட்டத்தைத் தனுஜா மறுபடியும் மாற்றிக்கொண்டிருந்தாள். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து அறையில் உட்கார்ந்தபடி, வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்காக அவள் இணையத்தில் பார்க்கும் வேலை அது. கிரேக்கத்தை அவள் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் வெயில் ஏறுமுன் இடிந்த கோயில்களைக் காட்டிவிட்டு, உச்சிப்பொழுதில் மியூசியத்துக்குள் கூட்டிப்போக வேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடம். இரண்டுக்கும் மணிக்கணக்கில் ஒதுக்குவாள். பார்க்க ஒன்றுமில்லாத இடத்துக்குப் பத்து நிமிடம். அது பெரும்பாலும் கக்கூஸுக்காக வண்டியை நிறுத்தும் இடம்.

மியூசியத்தை முதலில் போடு என்று கம்பனிக்காரர்கள் இன்று சொல்கிறார்கள். கடைசியில் போடச் சொன்னதும் இவர்கள்தான். அவளுக்குக் கண்ணெல்லாம் எரிந்தது.

வாசலில் வேன் வந்து நின்றது. பண்டாரவளையிலிருந்து சுற்றுலாப் பயணிகளை ஏற்றிவரும் பஸீல், வெள்ளைக்காரன் காலத்து லயம் என்று கைநீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஆள் படம் பிடித்தார்கள். கொடியில் காய்ந்த அம்மாவின் சேலையைக்கூட விடவில்லை.

தனுஜா வெளியே வந்து, அண்ணன் முறைவைத்து அவரைக் கூப்பிட்டாள்.

"நானா, எங்க லயத்துக்கு எவ்வளவு நேரம் போட்டிருக்கீங்க?"

"பத்து நிமிஷந்தான் தங்கச்சி. அதுக்கு மேல இங்க என்னத்தக் காட்ட?"

கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. அவளாயிருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பாள்.

அதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரக் கிழவி தயங்கித் தயங்கி அவளருகே வந்து, கக்கூஸ் எங்கே என்று கேட்டாள்.